சாம்பார் வாளியில் வந்த சிறப்பு விருந்தினர்

மன்றப் பொறுப்பு இந்த வருஷம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதாமே. எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். துறைக் கூட்டத்தில் "யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டதும் மூத்தவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்திருப்பார்கள். விவரம் தெரியாமல் துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன். உத்திரமேரூரை ஒட்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் மன்றத்தை ஓய்வு பெறும் வரைக்கும் நான்தான் கட்டி மேய்த்தேன்.

வருஷத்துக்கு என்னென்ன நிகழ்ச்சி வைக்கலாம், பேச யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லித்தரக் கேட்டிருக்கிறீர்கள். அனுமதிக் கடிதம் எழுதுவது, அரங்கு பிடிப்பது எல்லாம் அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். எனக்கு ஒரு சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்களுக்கே புரிந்துவிடும்.

அதற்கு முன் எங்கள் பக்கத்து வியாதி ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் பொறுக்கினார்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் கல்லூரிக்கு எந்த விருந்தினர் வந்தாலும் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் "குடவோலை கண்ட இந்த மண்ணில்" என்றுதான் ஆரம்பிப்பார். விண்வெளி பற்றிப் பேச வந்தவரும் அப்படித்தான், பல் மருத்துவரும் அப்படித்தான். பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே படித்தாயிற்று, தினமும் பஸ்ஸில் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் வருகிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, விருந்தினர் எத்தனையாவது நிமிஷத்தில் குடவோலையைத் தொடுவார் என்று சமோசாவுக்குப் பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறை நானும் கட்டி ஜெயித்தேன்.

இதில் இருந்த வேடிக்கையை எனக்குச் சுட்டிக்காட்டியது கலைவாணி. காவாந்தண்டலத்திலிருந்து வந்த பெண், மூன்றாம் வருஷம், அந்த ஆண்டு மன்றச் செயலாளர். குரல் சின்னதுதான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். ஜூன் மாதம் ஆய்வகத்தில் உட்கார்ந்து வருஷத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். தொலைநோக்கி கொண்டுவந்து நிலா காட்டுவது, ஏரிக்கரையில் காற்றின் வேகம் அளப்பது, வினாடி வினா என்றெல்லாம் பேசி முடித்துச் சிறப்பு விருந்தினர் என்று வந்ததும் கலைவாணி கையைத் தூக்கினாள்.

"மேடம், அந்த காலத்துல நம்ம ஊருல ஆளுங்கள ஜனங்களே பொறுக்கிக்கினாங்கன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. அத சொல்ல வர்ற ஆள மட்டும் நாங்க பொறுக்கக்கூடாதா? இன்னா நாயம் மேடம் இது?"

அவள் கேட்டது சரிதான். அதுவரைக்கும் விருந்தினர் என்றால் முதல்வருக்குத் தெரிந்தவர், நிர்வாகத்துக்கு வேண்டியவர், இல்லையென்றால் யாராவது ஒருவரின் சம்பந்தி. பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. அவளையே கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

எங்கள் முதல்வர் நல்ல மனிதர். காலி நாற்காலியைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. யோசித்துப் பார்த்து, "சரிம்மா, ஒரு தடவை நீங்களே கூப்பிடுங்க. ஆனா ஹால் நிறையணும். நிறையலைன்னா அடுத்த வருஷத்திலேர்ந்து நான் சொல்ற ஆள்தான். அப்புறம் என்கிட்ட வந்து கேட்கக்கூடாது" என்றார்.

"நெறையும் சார்," என்றாள் கலைவாணி. அவள் அவ்வளவு சட்டென்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒருத்திக்காக மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை, அவளுக்குப் பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகள் கூடிப் பேசிச் சென்னையில் வானிலை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் விஞ்ஞானியைத் தேர்ந்தெடுத்தார்கள். கலைவாணியே போன் செய்து பேசினாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, "மேடம், ஒரே ஒரு ரிக்வெஸ்ட். குடவோல மட்டும் வேணாம் மேடம்" என்றாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்று தேதி குறித்தோம். சரியாக அந்த வாரம் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் உருவானது. வானிலைக்காரர் அந்த நேரத்தில் நகர முடியுமா? அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன் என்றார். நாங்கள் ஓடிப்போய் அரங்கு கிடைக்குமா என்று விசாரித்தால், எப்போது கேட்டாலும் கிடைக்காத அரங்கு அன்றைக்குக் காலி! முதல்வருக்கும் எனக்கும் ஏக சந்தோஷம். ஏன் காலி என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நல்ல முகூர்த்த நாள். எங்கள் பக்கம் முகூர்த்த நாளில் எந்தத் துறையும் எதுவும் வைக்காது.

கல்லூரி நாட்காட்டியில் முகூர்த்தம் போட்டிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மேசைக்கு மேல் ஒரு தினசரிக் காலண்டரும் மாட்டிவையுங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். பையன்கள் பந்தி பரிமாறுவார்கள், பெண்கள் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பார்கள். பரீட்சைக் கட்டணமும் போன் ரீசார்ஜும் அதில்தான் ஓடும். அவர்களுக்கு அந்த நாள் எது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் நிகழ்ச்சியே நின்றுவிடுமோ என்று பயந்து தங்களுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டார்கள். விடியற்காலை முகூர்த்தம், அது முடிந்து காலை நாஷ்டா பந்தி, அதையும் முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்கு ஓடிவந்துவிடுவது.

சனிக்கிழமை காலை அரங்குக்குள் நுழைந்தேன். வரிசை வரிசையாய் நாற்காலி, மேடையில் பெரிய பேனர், தட்டில் பொன்னாடை, ரிப்பன் கட்டிய சுவர்க் கடிகாரம். உட்கார்ந்திருந்தது முன்வரிசையில் கொஞ்சம் முதல் வருஷப் பிள்ளைகள் மட்டும். கலைவாணி ஒரு ஓரமாய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் போனை வாங்கி நான் பேசினேன். மறுமுனையில் தமிழ்ச்செல்வன், எங்கள் மன்றத்தில் அதிகம் கேள்வி கேட்கும் பையன்.

"மேடம், செங்கல்பட்டுலேருந்து வர வேண்டிய இன்னொரு செட்டு ஆளுங்க வரல மேடம். மத்தியானப் பந்திக்கும் எங்களையே நிக்கச் சொல்லிட்டாரு கேட்டரிங் மாஸ்டரு. எல போட்டா ஊத்தறதுக்கு ஆளு இல்ல. பொண்ணு வூட்டுக்காரரு மொகத்த பாத்தா பாவமா கீது. வுட்டுட்டு எப்பிடி மேடம் வர்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நன்றாகத் திட்டியிருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியை நடுவில் விட்டுவிட்டு ஓடி வா என்று எந்த வாயால் சொல்வது? "சரி, வை" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் முதல்வர் வந்துவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் இதில் சந்தோஷம் இல்லை, பாவம். அவரே ஒரு வழியும் சொன்னார். பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலைய விடுதியில் சொன்னால் பையன்களை வரிசையாக அனுப்பிவைப்பார்கள். "ஹால் நிறைஞ்சா போதும் மேடம். நானும் சொன்ன சொல் நிறைவேறிச்சுன்னு வெச்சுக்கறேன்," என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வழி பிடித்திருந்தது. கலைவாணிக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

"வேணாம் மேடம். அவங்க கேக்க வரல, குந்த வர்றாங்க. அப்பிடி நெறஞ்சா அது நாங்க கூப்புட்ட கூட்டம் இல்ல. தோத்தா தோத்துட்டுப் போறேன் மேடம்."

விருந்தினர் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? என் கை தானாகப் பேனரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பொறுப்பைக் கைமாற்றிவிட்டுப் போன பேராசிரியர் ஒரே ஒரு புத்திதான் சொல்லிவிட்டுப் போனார்: "ஏதாவது சொதப்பினா விருந்தாளிகிட்ட மொதல்ல உண்மையைச் சொல்லிடும்மா, காபி அப்புறம் குடுக்கலாம்." அது ஞாபகம் வந்தது. விஞ்ஞானிக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.  சரி, காரைத் திருப்பச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"கல்யாண மண்டபமா? அங்கே டிபன் மிச்சம் இருக்குமா மேடம்? நான் காலையில சாப்பிடாமலே கிளம்பிட்டேன்," என்றார். பிறகு அவரே, "பசங்க எங்கே இருக்காங்களோ அங்கேயே வந்துடறேனே," என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆனாலும் கல்யாணம் இன்னொருவர் வீட்டு விசேஷம். கேட்காமல் நுழைய முடியுமா? கலைவாணியையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்துக்கு ஆட்டோவில் போனேன். பெண்ணின் அப்பா புள்ளலூர் விவசாயி. புதுச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, வாசலில் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"இன்னா டீச்சர், கல்யாணத்துல பாடமா?"

"சாப்பாட்டுக் கூடத்துல, பந்திக்கு முன்னாடி கொஞ்ச நேரம்தாங்க. உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்."

"வர்றது யாரு?"

"வானிலை ஆபீஸ்ல வேலை செய்றவங்க."

"மழ சொல்றாங்களே, அந்த ஆபீஸா?" அவர் முகம் மாறியது. "அப்ப வரச் சொல்லுங்க. அவங்களத்தான் நான் தேடிக்கினு கீறேன். மழ வரும் மழ வரும்னு சொன்னாங்கன்னு வாசல் முச்சூடும் தகரப் பந்தல் போட்டேன். எங்க மழ? ஒரு தூறல் வுழுந்துதா பாருங்க!"

வெளியே வெயில் பளீரென்று அடித்தது. விருந்தினரை வம்பில் மாட்டிவிடுகிறோமோ என்று நான் தயங்கினேன். கலைவாணி என் கையைக் கிள்ளி, "மேடம், மொத கேள்வி ரெடி" என்று காதில் சொன்னாள்.

அடுத்து கேட்டரிங் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். ஆளும் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. தோளில் துண்டோடு சமையற்கட்டு வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அவங்க வாய் பேசட்டும், பசங்க காது கேக்கட்டும். கை மட்டும் எனக்கு வோணும் மேடம். வேல நின்னுச்சு, பேஜாராப் பூடும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது அந்தச் சிறப்புரை. குத்துவிளக்கு இல்லை, தலைமையுரை இல்லை, வாழ்த்துரை என்று வரிசையாய் எழுந்து நேரத்தைத் தின்பவர்கள் இல்லை. விஞ்ஞானி வந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார். எங்கள் மன்றம் தலையில் கேட்டரிங் தொப்பியோடு சுற்றி நின்றது. சிலர் இலை துடைத்தார்கள், சிலர் டம்ளர் அடுக்கினார்கள். வாசலில் நின்ற பெண்கள் பன்னீர்ச் செம்போடு உள்ளே வந்துவிட்டார்கள். சும்மா இருந்த நாதஸ்வரக்காரர்களும் வந்தார்கள். விஞ்ஞானி வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா முன்னால் வந்து தகரப் பந்தலைப் பற்றிக் கேட்டேவிட்டார்.

விஞ்ஞானி மழுப்பவில்லை. "நான் பதில் சொல்றேங்க. அதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன்" என்று சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இன்னைக்கு எத்தனை பேர் சாப்பிட வருவாங்கன்னு எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

"பத்திரிக எத்தினி வெச்சாங்கன்னு கேப்பேன்," என்றார் மாஸ்டர். "அன்னிக்கு வேற எங்கெங்க கல்யாணம் கீதுன்னு பாப்பேன். மாப்ள வூடு கிட்டவா தூரமான்னு பாப்பேன். அப்பால எதுக்கும் ஒரு கை சேத்துப் போடுவேன்."

"தப்பிப் போறது உண்டா?"

"அது இல்லாமயா?"

"இன்னிக்கே தப்பிப் போச்சு மேடம்! செங்கல்பட்டு செட்டு வரல!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அதான் உங்கள புடிச்சு வெச்சேன்ல! தொடைங்கடா எலய!" என்றார் மாஸ்டர். கூடம் சிரித்தது.

"நானும் இதையேதாங்க பண்றேன்," என்று விஞ்ஞானி பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "கடல் எவ்வளவு சூடா இருக்கு, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து இவ்வளவு வாய்ப்புன்னு சொல்றேன். கூப்பிட்ட எல்லாரும் கல்யாணத்துக்கு வர்றதில்லை, இல்லையா? அதே மாதிரி மழையும் சில நாள் வராம போயிடுது. உங்க தகரப் பந்தல், நீங்க சேர்த்துப் போட்ட ஒரு கை."

பெண்ணின் அப்பா வாசல் பந்தலை எட்டிப் பார்த்தார். "சரி, வுடுங்க. வெயிலுக்காவது ஒதவுது," என்று சிரித்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. கேள்வி நேரம் என்றால் எங்கள் அரங்கில் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். இங்கே தமிழ்ச்செல்வன் கையில் டம்ளர் அடுக்கோடு செயற்கைக்கோள் படத்தைப் பற்றிக் கேட்கிறான், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஏரி ரொம்புமா என்று கேட்கிறார், கலைவாணி யாரிடமோ வாங்கிய பேனாவால் ஒரு வாழையிலையின் பின்பக்கம் மேகம் வரைகிறாள். நாற்காலி போதாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சுவரோரமாய் நின்றார்கள். நான் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குப் போல் சந்தோஷப்பட்டதில்லை. கடைசியில் மாஸ்டர் "எல போடுங்க!" என்று குரல் கொடுத்தார். அதுதான் நன்றியுரை.

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் முதல்வர். சட்டையெல்லாம் பன்னீர், கையில் பொன்னாடையும் கடிகாரமும். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கலைவாணி போய் அவர் முன்னால் நின்றாள்.

"என்னம்மா, ஹால் நிறையலையே," என்றார்.

"நம்ம ஹாலுதான் சார் நெறையல."

முதல்வர் சுவரோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடையை, விருந்தினர் சொன்னபடி, பெண்ணின் அப்பாவுக்குப் போர்த்தினார். கல்லூரி பெயர் பொறித்த கடிகாரம் மணமக்களுக்குப் போனது. முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் வந்தபோது, "சரி, அடுத்த ஆளையும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கோங்க. இந்த வருஷம் மட்டும் இல்ல, இனிமே எப்பவும். ஆளாளுக்கு ஒருத்தரைச் சொல்வீங்களே, எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்றார்.

கலைவாணி பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். "வேற இன்னா சார், குடவோலதான்," என்றாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

குடத்துக்கு எங்கே போவது? பந்தி முடிந்ததும் ஒரு சாம்பார் வாளியைக் கழுவித் துடைத்தார்கள். பெருங்காய வாசம் போகவில்லை. மேசையில் விரிக்கும் காகிதத்தைக் கிழித்து, ஆளுக்கு ஒரு பெயர் எழுதிப் போட்டார்கள். கல்யாண வீட்டுக் குழந்தை ஒன்று, பட்டுப் பாவாடையோடு, வாளிக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தது. முதல்வர் பிரித்துப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் எட்டிப் பார்த்தேன். 'கேட்டரிங் மாஸ்டர்' என்று எழுதியிருந்தது.

"மேடம், இது வந்து…" என்று இழுத்தார்.

"வாக்குக் குடுத்துட்டீங்க சார்," என்றேன்.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் என்று பெரிய எழுத்தில் மாஸ்டரின் பெயரைப் போட்டார். கூட்டத்தை மார்கழியில் வைத்தோம், அந்த மாதம் கல்யாணம் கிடையாது, பேசுகிறவரும் கிடைப்பார், கேட்கிறவர்களும் கிடைப்பார்கள். "அய்யோ, எனுக்கு இன்னா மேடம் பேச வரும்?" என்று ஓடிய மாஸ்டரைப் பிடித்து உட்காரவைத்து, ஆயிரம் பேருக்குச் சமைக்கக் கணக்குப் போடுவது எப்படி என்று தலைப்பும் கொடுத்தது கலைவாணிதான்.

அன்றைக்கு அரங்கு நிரம்பி, பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு தூக்கிவந்தார்கள். முதல்வர் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாய்ப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாய் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். மண்டபத்தையே அதிரவைக்கும் ஆள் ஒலிபெருக்கியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.  அழைப்பிதழைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் ஒருவழியாய் ஆரம்பித்தார்.

"உத்திரமேரூர்னாலே நம்ம எல்லாருக்கும் நாபகம் வர்றது… குடவோல!"

அரங்கு வெடித்துச் சிரித்தது. கலைவாணி தலையில் அடித்துக்கொண்டாள். சென்னை விஞ்ஞானிக்கு அத்தனை முன்னாடியே சொல்லிவைத்தவள் இவரிடம் சொல்ல மறந்துவிட்டாள். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டு, "இன்னா பசங்களா, தப்பா சொல்லிட்டனா?" என்றார்.

கடைசி வரிசையில் தமிழ்ச்செல்வன் எழுந்து நின்றான்.

"இல்ல மாஸ்டர்! நீங்க தாராளமா சொல்லலாம். இத்தினி வருசத்துல அதுல நாங்க எடுத்தது உங்க ஒருத்தரத்தான்!"